இரண்டரை சென்ட் தம்ளர்: பழைய கண்ணாடிப் பாத்திரங்களின் கணக்குப் புத்தகம்

1930களின் அமெரிக்காவில் ஒரு கண்ணாடித் தம்ளரின் விலை இரண்டரை சென்ட். ஐந்து சென்ட் நாணயம் ஒன்றை நீட்டினால் இரண்டு தம்ளர் கிடைக்கும். ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டர் நகரின் ஹாக்கிங் கண்ணாடி நிறுவனம் அந்த விலைக்கு விற்றுத்தான் பெருமந்தக் காலத்தைக் கடந்தது. அதே மாநிலத்தில், நியூஆர்க் நகரின் ஹைசி நிறுவனம் அதே ஆண்டுகளில் ஒவ்வொரு பாத்திரத்தையும் ஆள் வைத்து அழுத்தி, தீயில் காட்டி மெருகேற்றி, பெரிய கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்று இந்த இரண்டு ஆலைகளின் சரக்கும் பழம்பொருள் கடையின் ஒரே அலமாரியில் நிற்கின்றன. இரண்டின் மேலும் ‘பழைய கண்ணாடி’ என்ற ஒரே சீட்டு. வாங்க வருபவர் நிறத்தைப் பார்க்கிறார், பூ வேலைப்பாட்டைப் பார்க்கிறார், விலை கேட்கிறார். நிறமும் பூவும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு இருப்பது நான்கு எண்களில்: நிமிடத்துக்கு எத்தனை செய்தார்கள், எடையில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுகள் வார்த்தார்கள், பின்னாளில் எப்போது மறுபடி வார்த்தார்கள். இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் கண்ணாடியின் வகையும் தெரியும், அதன் நியாயமான மதிப்பும் தெரியும்.

நிமிடக் கணக்கு: இயந்திரம் செய்தது

ஐசக் காலின்ஸ் என்பவர் 1905இல் ஹாக்கிங் நிறுவனத்தைத் தொடங்கினார். நண்பர்களோடு சேர்ந்து திரட்டியது 8,000 டாலர்; இன்னொரு முதலீட்டாளர் போட்டது 17,000 டாலர்; ஆக மொத்தம் 25,000. முதல் ஆண்டில் 50 தொழிலாளர்கள், 20,000 டாலர் விற்பனை. 1924இல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அதே இடத்தில் புது ஆலை எழுந்தது.

1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது அந்த ஆலையில் தானியங்கி அழுத்து இயந்திரம் வந்திருந்தது. அதுவரை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்த வேலை, நிமிடத்துக்கு 30க்கும் மேல் என்று ஏறியது. அடுத்து வந்தது 15 அச்சுகள் கொண்ட இயந்திரம். அது நிமிடத்துக்குத் தள்ளியது 90 பாத்திரங்கள். அதாவது ஒவ்வொரு அச்சும் 10 விநாடிக்கு ஒருமுறை நிறைந்து காலியானது.

இந்த எண்களை விலையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலம் புரியும்.

90 தம்ளர் × 2.5 சென்ட் = நிமிடத்துக்கு 2.25 டாலர் மதிப்புள்ள சரக்கு.
ஒரு மணி நேரம் = 5,400 தம்ளர், 135 டாலர்.
தொடக்க முதலீடான 25,000 டாலருக்குச் சமம் = 10 லட்சம் தம்ளர்.
அந்த 10 லட்சத்தை இயந்திரம் நிற்காமல் ஓடிச் செய்ய = சுமார் 185 மணி நேரம், எட்டு நாளுக்கும் குறைவு.
அதே எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒன்று வீதம் இரவும் பகலும் செய்ய = ஏறக்குறைய 694 நாள்.

எட்டு நாளுக்கும் 694 நாளுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் பெருமந்தத்தின் ஆங்கிலப் பெயரால் டிப்ரஷன் கிளாஸ் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் வகையின் பிறப்பிடம். ஹாக்கிங் மட்டுமல்ல, கொலம்பஸின் ஃபெடரல், பென்சில்வேனியாவின் ஜெனட், மேற்கு வர்ஜீனியாவின் ஹேசல்-அட்லஸ், இண்டியானா மாநிலத்தின் இண்டியானா கிளாஸ், சார்லராயின் மெக்பெத்-எவன்ஸ் என்று 20க்கும் மேற்பட்ட ஆலைகள் 100க்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை இப்படி வார்த்தன. இளஞ்சிவப்பு, பச்சை, தேன் நிறம், கோபால்ட் நீலம், நிறமற்றது. ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டார்கள். திரையரங்குகள் வாரத்தில் ஒரு நாள் டிக்கெட்டோடு ஒரு தட்டோ கோப்பையோ கொடுத்தன. 20 உருப்படி கொண்ட செட் சேர 20 முறை படம் பார்க்க வேண்டும்.

1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. 1938இல் சட்டம் போட்டு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 25 சென்ட்தான். அந்தக் கூலியில் ஒரு மணி நேர உழைப்புக்கு 10 தம்ளர் வாங்கலாம். ஏழை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நிறம் வந்தது இந்தக் கணக்கினால்தான். அதனாலேயே இந்தக் கண்ணாடியை மலிவுச் சரக்கு என்று ஒதுக்க என் மனம் ஒப்புவதில்லை. வேலை போன குடும்பங்கள் அதிகம் காசு செலவழிக்காமல் சேர்த்த அழகுப் பொருள் இது.

வேகத்தின் தழும்புகள் அதன் உடம்பில் தெரியும். கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சந்தித்த கோடு பக்கவாட்டில் ஓடும். உள்ளே சிறு குமிழிகள் நிற்கும். வைக்கோல் ஒட்டி எடுத்ததுபோல் மெல்லிய கீறல் ஒன்று இருக்கலாம். அது உடைப்பு அல்ல, வார்ப்பிலேயே வந்தது. பூ வேலைப்பாடு பாத்திரம் முழுவதும் அடர்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. இத்தகைய குறைகளை மறைக்க அது உதவியது.

ஆள் கணக்கு: கை செய்தது

எலிகன்ட் கிளாஸ் என்ற வகையின் பெயர்கள் வேறு: நியூஆர்க்கின் ஹைசி (1896–1957), ஒஹாயோவின் கேம்பிரிட்ஜ், மேற்கு வர்ஜீனியா மவுண்ட்ஸ்வில்லின் ஃபாஸ்டோரியா. ஃபாஸ்டோரியாவின் இடமாற்றமே ஒரு செலவுக் கணக்குதான். 1887இல் ஒஹாயோவின் ஃபாஸ்டோரியா ஊரில் தொடங்கிய ஆலை, அங்கே மலிவாகக் கிடைத்த இயற்கை எரிவாயு வற்றியதும் 1891இல் நிலக்கரி கிடைக்கும் மவுண்ட்ஸ்வில்லுக்குப் பெயர்ந்தது. மணலை உருக்க 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். எரிபொருள் எங்கே மலிவோ அங்கேதான் கண்ணாடி ஆலை பிழைக்கும்.

இந்த ஆலைகளில் ஒரு கிண்ணம் ஒரு ஆள் கையிலிருந்து இன்னொரு ஆள் கைக்குப் போகும். ஒருவர் உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி எடுப்பார். இன்னொருவர் தேவையான அளவைக் கத்தரியால் வெட்டி அச்சில் விழவிட்டு நெம்புகோலை இழுப்பார். மற்றொருவர் அதைத் தீவாய்க்குக் கொண்டுபோய்ச் சுடவைத்து அச்சுக் கோட்டை உருக்கி மறைப்பார். விளிம்பை வளைப்பவர் வேறு. அதன் பிறகு மெல்ல ஆறவைக்கும் நீண்ட சூளை. ஆறிய பின் அடிப்பாகத்தைச் சமமாகத் தேய்ப்பார்கள். சிலவற்றில் அமிலச் செதுக்கு வேறு உண்டு: உலோகத் தகட்டில் செதுக்கிய பூவை மெழுகு மையால் மெல்லிய தாளில் எடுத்து, தாளைக் கண்ணாடியில் ஒட்டி உரித்து, மற்ற இடங்களை மெழுகால் மூடி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். மெழுகு படாத கோடுகளை மட்டும் அமிலம் தின்னும்.

இதைச் சோதிக்கப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் போதும். தேய்த்த அடி வளையம் விரலுக்குச் சமதளமாக இருக்கும். அச்சுக் கோட்டை நகத்தால் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. ஹைசியின் பல பாத்திரங்களில் வைர வடிவத்துக்குள் எச் எழுத்து இருக்கும்.

கார்னிவல் கிளாஸ் டிப்ரஷன் கிளாசுக்கு மூத்தது. மேற்கு வர்ஜீனியா வில்லியம்ஸ்டவுனில் 1907இல் ஆலை திறந்த ஃபென்டன் நிறுவனம் இதைத் தொடங்கிவைத்தது. நார்த்வுட், இம்பீரியல், டுகன், மில்லர்ஸ்பர்க் ஆகியவை பின்தொடர்ந்தன. அழுத்தி எடுத்த பாத்திரம் சூடாக இருக்கும்போதே அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தார்கள். மேலே படியும் படலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு மெல்லியது. அதன் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து மயில் கழுத்து நிறங்களைத் தருகிறது. அடிக் கண்ணாடி நிறமற்றதாக இருந்து, மேலே ஆரஞ்சுப் பளபளப்பு மட்டும் இருந்தால் அது மேரிகோல்ட். எல்லாவற்றிலும் அதிகமாகக் கிடைப்பது அதுதான்.

இங்கே ஆள் கணக்கு விலையை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். ஒரே அச்சிலிருந்து வந்த பாத்திரத்தின் விளிம்பை ஒருவர் சுருக்கி அலை அலையாக்கினால் கிண்ணம். விரித்து மட்டமாக்கினால் தட்டு. சூடாக இருக்கும்போது கம்பியில் பிடித்து வீசிச் சுழற்றினால் நீண்ட பூச்சாடி. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். கிண்ணங்கள் அதிகம் செய்தார்கள், தட்டுகள் குறைவு. ஆகவே அதே அச்சு, அதே நிறம் என்றாலும் தட்டுக்கு விலை கூடுதல்.

உழைப்பின் உச்சம் கட் கிளாஸ். அமெரிக்காவில் அதன் பொற்காலம் 1876 முதல் 1917 வரை என்று கணிக்கிறார்கள். 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சி ஒரு முனை, முதல் உலகப் போர் மறு முனை. டொலிடோவின் லிபி, கார்னிங்கின் ஹாக்ஸ் ஆகியவை முன்னணியில் நின்றன. கெட்டியான ஈயக் கண்ணாடியில் கோடு வரைந்து, ஈர மணல் சொட்டும் இரும்புச் சக்கரத்தில் ஆழமாக வெட்டி, கல் சக்கரத்தில் மழமழப்பாக்கி, மரச் சக்கரத்தில் மெருகேற்றுவார்கள். இதைப் பார்த்து அச்சில் அழுத்திய நகல்களும் ஏராளம். விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும்: வெட்டியதன் முனை கூர்மையாகக் குத்தும், அச்சில் வந்ததன் முனை மழுங்கியிருக்கும்.

எடைக் கணக்கு: உள்ளே என்ன இருக்கிறது

சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் மணலின் சிலிக்கா ஏறக்குறைய 70 முதல் 74 சதவீதம். மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். டிப்ரஷன் கிளாஸ், கார்னிவல் கிளாஸ் இரண்டுமே அடிப்படையில் இந்தக் கலவைதான்.

லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற வழியில் வந்தது ஈயக் கண்ணாடி. 1969இல் ஐரோப்பியச் சந்தை இதற்கு வரம்பு வகுத்தது. ஈய ஆக்சைடு 24 சதவீதமும் அடர்த்தி 2.9உம் இருந்தால்தான் ஈயப் படிகம் என்று சொல்லலாம். 30 சதவீதமும் 3.0உம் இருந்தால் முழு ஈயப் படிகம். சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி ஏறக்குறைய 2.5.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறைத் தராசில் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்புக்குக் கீழே வரை தண்ணீர் ஊற்றிய வாளியைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாத்திரத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் கண்ணாடியின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வரும்.

500 கிராம் பாத்திரம், தராசு காட்டுவது 200: அடர்த்தி 2.5, சோடாக் கண்ணாடி.
500 கிராம் பாத்திரம், தராசு காட்டுவது 172: அடர்த்தி 2.9, ஈயப் படிகம்.
500 கிராம் பாத்திரம், தராசு காட்டுவது 167 அல்லது அதற்கும் குறைவு: முழு ஈயப் படிகம்.

‘கிரிஸ்டல்’ என்று சொல்லி விற்கப்படும் பாதிப் பாத்திரங்களின் வழக்கு இந்த வாளியிலேயே தீர்ந்துவிடும்.

நிறத்துக்குச் சேர்த்த பொருள்களின் அளவு வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு 0.1 சதவீதமே தாராளம். குருதிநெல்லிச் சிவப்புக்குத் தங்கம் சேர்ப்பார்கள். ஒரு கிலோ கண்ணாடிக்கு ஒரு கிராமில் ஒரு சிறு பங்கு. இளஞ்சிவப்பு டிப்ரஷன் கிளாசுக்கு செலினியம். பழைய நிறமற்ற கண்ணாடியில் மணலின் இரும்புப் பச்சையைப் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள். நெடுங்காலம் வெயில் பட்டால் அது ஊதாவாக மாறும். முதல் உலகப் போரை ஒட்டி அமெரிக்க ஆலைகள் செலினியத்துக்கு மாறியதால், வெயிலில் ஊதாவான கண்ணாடி பொதுவாக அதற்கு முந்தியது.

ஒளிரும் பச்சை

கிளாப்ரோத் 1789இல் யுரேனியத்தைக் கண்டறிந்தார். 1830களில் பொஹீமியாவின் யோசஃப் ரீடல் அதைக் கண்ணாடியில் சேர்த்து மஞ்சளும் பச்சையுமாக வார்த்து, தம் மனைவி அன்னாவின் பெயரை அந்த நிறங்களுக்குச் சூட்டினார். வழக்கமான அளவு எடையில் 2 சதவீதம் அளவில் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் சில பாத்திரங்களில் 25 சதவீதம் வரைகூடப் போயிருக்கிறது. 2 சதவீதம் என்றால் 500 கிராம் தட்டில் 10 கிராம்.

புற ஊதா விளக்கின்கீழ் இது பளிச்சென்ற பச்சையில் ஒளிரும். விளக்கை வாங்கும்போது ஒரு எண்ணைப் பாருங்கள். 395 நானோமீட்டர் விளக்கிலேயே யுரேனியம் தெளிவாக ஒளிரும். 365 நானோமீட்டரில் மட்டும் மங்கலாகப் பச்சை காட்டினால் அது பெரும்பாலும் மாங்கனீசு.

இதில் காலக்கணக்கும் அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்துக்காக அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் வசப்படுத்திக்கொண்டது. 1958இல்தான் தொழிலுக்கு மறுபடி கிடைத்தது. ஆகவே ஒளிரும் அமெரிக்கப் பாத்திரம் 1940களின் தொடக்கத்துக்கு முந்தியதாகவோ 1958க்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் பதினைந்து ஆண்டுகளைச் சொல்லி எவராவது விற்றால், கேள்வி கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

பால் கலந்த பச்சைநிற ஜேடைட் வகையைப் பிரிக்கவும் இதே விளக்கு உதவும். 1930களில் ஜெனட், மெக்கீ ஆலைகள் செய்தவற்றில் பல ஒளிரும். ஹாக்கிங் நிறுவனம் ஆங்கர் ஹாக்கிங் என்ற பெயரோடு 1940களிலிருந்து ஃபயர்-கிங் பெயரில் செய்தவை பொதுவாக ஒளிர்வதில்லை.

சூட்டுக் கணக்கு

நியூயார்க் மாநிலம் கார்னிங்கில் 1913இல் பெஸ்ஸி லிட்டில்டன் என்ற பெண்மணி, ஆலையில் பணியாற்றிய தம் கணவர் அறுத்துக் கொண்டுவந்த மின்கலச் சாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். அந்தச் சோதனையிலிருந்து 1915இல் பைரெக்ஸ் வந்தது. அதன் போரோசிலிகேட் கலவையில் சிலிக்கா ஏறக்குறைய 80 சதவீதம், போரிக் ஆக்சைடு 13 சதவீதம். பயனை ஒரே கணக்கில் சொல்லலாம். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடியை 100 டிகிரி சூடாக்கினால் சோடாக் கண்ணாடி 0.9 மில்லிமீட்டர் நீளும், போரோசிலிகேட் 0.33 மில்லிமீட்டர்தான் நீளும். நீட்சி மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் விரிசலும் குறைகிறது.

ஆனால் இன்று எல்லோரும் தேடி வாங்கும், 1940களில் வரத் தொடங்கிய வெளிப்புற வண்ணம் பூசிய வெள்ளை பைரெக்ஸ் கிண்ணங்கள் போரோசிலிகேட் அல்ல. அவை பதப்படுத்திய வெண்மைச் சோடாக் கண்ணாடி. பெயர் ஒன்றாக இருப்பதால் அடுப்புத் தீயிலோ, கொதிக்கக் கொதிக்க இறக்கி ஈர மேடையிலோ வைத்துவிடாதீர்கள்.

பால் கண்ணாடி இவற்றினும் பழையது; வெனிஸ் கைவினைஞர்கள் 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேயே செய்தார்கள். வெண்மைக்கு வெள்ளீய ஆக்சைடு, எலும்புச் சாம்பல், ஃபுளோரைடு எனக் காலத்துக்கு ஒரு பொருள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாந்து ஆலை 1889 முதல் 1984 வரை, 95 ஆண்டுகள் நடந்தது. ஃபென்டனின் கொப்புள வேலைப்பாட்டு வெள்ளைப் பாத்திரங்கள் 1952 முதல் பெருமளவில் வந்தன. இந்தப் பெருக்கமே இவற்றின் விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

ஆண்டுக் கணக்கு

ஒரு வடிவமைப்பு எத்தனை ஆண்டுகள் வார்ப்பில் இருந்தது என்பதைப் பாருங்கள்.

கேமியோ, ஹாக்கிங்: 1930–1934, 4 ஆண்டு.
மேஃபேர், ஹாக்கிங்: 1931–1937, 6 ஆண்டு.
மெட்ரிட், ஃபெடரல்: 1932–1939, 7 ஆண்டு.
செர்ரி பிளாசம், ஜெனட்: 1930–1939, 9 ஆண்டு.
ஃபயர்-கிங் வகை முழுவதும்: 1942–1976, 34 ஆண்டு.
கேண்டில்விக், இம்பீரியல்: 1936–1984, 48 ஆண்டு.
அமெரிக்கன், ஃபாஸ்டோரியா: 1915–1986, 71 ஆண்டு.

கையால் செய்த ஃபாஸ்டோரியா 71 ஆண்டு ஓடியதால் அதன் சாதாரணக் கிண்ணங்கள் எங்கும் கிடைக்கின்றன. இயந்திரம் துப்பிய மேஃபேர் 6 ஆண்டில் நின்றதால் அதன் சில உருப்படிகள் அரிதாகிவிட்டன. உயர்ந்த வேலைப்பாடு என்பதற்காக மட்டும் அரிது என்று முடிவு கட்ட முடியாது.

ஒரே வடிவமைப்புக்குள்ளும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஒன்றல்ல. இளஞ்சிவப்பு மேஃபேர் சர்க்கரைக் கிண்ணம் கிடைக்கிறது; அதன் மூடி கிடைப்பதில்லை. தினமும் பலமுறை கைபடும் மூடிதான் முதலில் தவறி விழும். அதனால் மூடியின் விலை கிண்ணத்தின் விலையைப்போல் பல மடங்கு. பாட்டி வீட்டு அலமாரியில் கிண்ணம் உடைந்து மூடி மட்டும் மிஞ்சியிருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மறுவார்ப்புக் கணக்கு

1970இல் ஹேசல் வெதர்மன் பெருமந்தக் கால வண்ணக் கண்ணாடி பற்றிய நூலை வெளியிட்டார். 1972இல் ஜீன் ஃபுளோரன்சின் கலைக்களஞ்சியம் வந்தது. 1974இல் சேகரிப்பாளர்களின் தேசியச் சங்கம் உருவானது. தேவை எழுந்ததும் பழைய வடிவமைப்புகள் மறுபடி உலைக்கு வந்தன. 1973இல் செர்ரி பிளாசம் நகல். 1974இல் இண்டியானா கிளாசின் அவகாடோ. 1976இல் ஃபெடரலே மறுபடி வார்த்த மெட்ரிட். 1977இல் மேஃபேரின் சிறு கோப்பை. முதல் நூலுக்கும் நான்காம் மறுவார்ப்புக்கும் இடையே ஏழே ஆண்டு.

ஃபெடரல் நேர்மையாக நடந்துகொண்டது. 1976ஆம் ஆண்டு மெட்ரிட்டில் 76 என்ற எண்ணை அச்சிலேயே பொறித்தது. அந்த அச்சுகள் பின்னர் இண்டியானா கிளாசுக்குப் போனபோது அந்த எண் நீங்கியது. மேஃபேர் பிஸ்கட் சாடியின் நகல் 1980களில் வந்தது. அசல் சாடியின் அடியில் ஏறக்குறைய 1¾ அங்குல விட்டத்தில் அச்சு வட்டம் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். நகலின் அடி மழமழவென்று இருக்கும். விற்பவர் சொல்லும் எந்தக் கதையையும்விட அந்த வட்டம் நம்பத்தக்கது.

கார்னிவல் வகையில் இம்பீரியலின் மறுவார்ப்புகளில் ஐ, ஜி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அந்த முத்திரை 1951இல் வந்தது. ஃபென்டன் 1970இலிருந்துதான் நீள்வட்டத்துக்குள் தன் பெயரை அச்சில் பொறித்தது. ஆகவே பெயர் பொறித்த ஃபென்டன் கார்னிவல் பாத்திரத்தை 1910ஆம் ஆண்டுச் சரக்கு என்று விற்பவர் தவறாகச் சொல்கிறார். 1990களில் ஜேடைட் மோகம் எழுந்தபின் ஆங்கர் ஹாக்கிங் 2000இல் மறுபடி வார்த்தவற்றிலும் அந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. முத்திரை என்பது பழமைக்குச் சான்று என்று நினைக்கிறோம். பல வேளைகளில் அது புதுமைக்கே சான்று.

உடம்புக் கணக்கு

1991இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயினை ஈயப் படிகச் சாடிகளில் ஊற்றி வைத்தார்கள். நான்கு மாதத்தில் அது 2,162 முதல் 5,331 மைக்ரோகிராம் வரை ஏறியது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10. புளிப்பு உள்ள எதையும், ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ, ஈயக் கண்ணாடியில் சேமித்து வைக்கக் கூடாது. யுரேனியக் கண்ணாடி அலமாரிக்கு உரியது, அன்றாடச் சாப்பாட்டுக்கு அல்ல. வெளி வண்ணம் உதிரும் பழைய கிண்ணங்களிலும் ஈயம் இருக்கலாம்; குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டுப் பக்கம்

இந்தக் கணக்கில் இந்தியாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் வளையலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஜெயின் கண்ணாடி ஆலை செய்த கார்னிவல் தம்ளர்களும், மீன், யானை, கை வடிவப் பூச்சாடிகளும் இன்று அமெரிக்க, ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. அடியில் ஆங்கில எழுத்தில் ஜெயின் என்று பொறித்த தம்ளர்களும் உண்டு. அமெரிக்க ஆலைகளின் வடிவங்களுக்கு ஆண்டும் அளவும் போட்ட நூல்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஃபிரோசாபாத் சரக்குக்கு அந்த அளவுக்கு நூல்கள் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற பழம்பொருள் கடைத்தெருக்களுக்குப் போகிறவர்கள் பாத்திரங்களைக் கவிழ்த்து அடியைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

தீர்ப்பு

டிப்ரஷன் கிளாசின் மதிப்பு அதன் குறுகிய ஆயுளிலும் பிழைத்த எண்ணிக்கையிலும் இருக்கிறது. எலிகன்ட், கட் கிளாஸ் இரண்டின் மதிப்பு கைபட்ட நேரத்தில். கார்னிவலின் மதிப்பு விளிம்பை வளைத்தவர் எடுத்த முடிவில். யுரேனியக் கண்ணாடியின் மதிப்பு அதன் காலச் சான்றில். பைரெக்ஸின் மதிப்பு முதலில் கலவையில், பிறகு வண்ணத்தில். இவற்றையெல்லாம் ‘ஆன்டிக்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து ஒரே தட்டில் நிறுப்பது, செய்தவர் உழைப்புக்கும் வாங்குபவர் பணத்துக்கும் நாம் இழைக்கும் அநீதி.

உங்கள் வீட்டில் பழைய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சிறு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்: எடை, உயரம், விட்டம், அடியில் உள்ள குறி, அச்சுக் கோடு உண்டா இல்லையா, யார் எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த தலைமுறை அதை விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அந்தச் சீட்டு இருந்தால் ஏமாறாது.